இரண்டாம் முறை கேட்கவில்லை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. கதையை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் போட்டு உடைக்கும் வித்தை ஒரு காலத்தில் எனக்கு நன்றாக வரும். அதில் கெட்டிக்காரி என்று உங்களிடமே பெயர் வாங்கியிருக்கிறேன். இப்போது அதற்குத் தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். ஒருத்தி கோத்தகிரியில், ஒருவன் வவுனியாவில், மற்றவர்கள் இங்கேயே மூட்டு வலியோடு. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நேற்று மத்தியானம் மருமகள் டிவியில் ஒரு கோர்ட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டில் நிற்கிறவன் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் கேட்கிறார், மறுபடியும் கேட்கிறார். நான், "சொல்லித் தொலையேண்டா" என்றேன். "சும்மா இருங்க அத்தை, இப்பதான் முக்கியமான எடம்" என்றாள் அவள். நான் எழுந்து வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்த இடத்தில் பழசெல்லாம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரை பகல் முழுக்கத் தடதடத்துக்கொண்டிருந்தது. கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மாவின் கம்பளி காயவே இல்லை. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்புப் புகையும் ஈரக் கம்பளி வாசனையும் சேர்ந்தே கிடந்தன. அப்பாவுக்கு ஸ்டோரில், தேயிலை ஆலையில், வேலை. தேயிலை அரைக்கும் ரோதைக்குப் பக்கத்தில் நின்று நின்று அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், பேச்சு கொஞ்சம் சத்தம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தோட்டத்து லொறியில் கிளீனர். தேயிலைப் பெட்டிகளை அட்டன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு அப்படியே படம் பார்த்துவிட்டு வருகிற பாக்கியசாலி. எங்கள் லயத்தில் உலகம் தெரிந்தவர் என்றால் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு எங்கள் மூன்று பேரையும் சித்தப்பா அட்டனுக்குக் கூட்டிப்போனார். "அண்ணி, இது வேற மாதிரிப் படம். பாட்டு கெடையாது, சண்டை கெடையாது. ஒரே ரூமு. ஆனா மூச்சு விட முடியாது" என்றார். அவர் அதற்குள் இரண்டு முறை பார்த்திருந்தார். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே ரூமில் நாங்களும்தானே இருக்கிறோம், அதைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

படத்தின் பெயர் மறந்துவிட்டது. யார் நடித்தார்கள் என்பதும் மறந்துவிட்டது. அந்த அறை மட்டும் மறக்கவில்லை. ஒரு பணக்கார வீட்டில் எசமானியம்மா விஷத்தால் செத்துப்போகிறாள். சமையல்காரன் மேல் வழக்கு. படம் தொடங்கியதும் கோர்ட்டு அறையின் கதவைச் சாத்துகிறார்கள். தாழ்ப்பாள் விழும் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. அதற்குப்பின் கடைசிவரை நாமும் வெளியே போக முடியாது. மேலே ஒரு விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றுகிறது. சுவரில் கடிகாரம். நீதிபதி மேசையில் ஒரு தண்ணீர்க் கூசா. கதவுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு வாங்கு, அதில் முக்காடு போட்ட ஒரு கிழவி, மடியில் ஒரு சின்னத் துணி மூட்டை. அவ்வளவுதான் படத்துக்கு ஆன செலவு.

முதல் அரைமணி நேரம் தியேட்டரில் ஒரே கூச்சல். "பாட்டு எப்பய்யா வரும்?" என்று ஒருவன் கத்தினான். பிறகு ஒன்று நடந்தது, எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கூச்சல் அடங்கிவிட்டது. பீடி பற்ற வைத்தவன் கூட அதை இழுக்க மறந்து கையில் வைத்திருந்தான். தகரக் கூரையில் மழை பெய்தது. அது அந்த அறைக்கு வெளியே பெய்கிற மழை மாதிரியே எனக்குத் தோன்றியது.

எப்படிச் செய்தார்கள் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். பேசுகிறவன் முகத்தை அவர்கள் அதிகம் காட்டவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறவன் முகத்தைக் காட்டினார்கள். பாதியில் விசிறியை நிறுத்திவிட்டார்கள். எல்லார் நெற்றியிலும் வேர்வை. சமையல்காரன் அந்தத் தண்ணீர்க் கூசாவைப் பார்க்கிறான், யாரும் அவனுக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை. வக்கீல் ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை கேட்பார். முதல் தடவை சத்தமாக, இரண்டாம் தடவை மெதுவாக, மூன்றாம் தடவை காதோடு காதாக. ஒவ்வொரு தடவையும் முகம் நமக்குக் கிட்டத்தில் வரும். நடுநடுவே அந்த மூட்டை. முதலில் தூரத்தில், அப்புறம் பக்கத்தில், அப்புறம் முடிச்சின் மேல் கிழவியின் விரல்கள் மட்டும். அவளை யாரும் கூப்பிடமாட்டேன் என்கிறார்கள். தீர்ப்பு எழுத நீதிபதி பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான், "வேறு சாட்சி உண்டா?" என்று மூன்றாம் தடவை கேட்கிறார். கிழவி எழுந்திருக்கிறாள். மூட்டையில் இருந்தது ஒரு மருந்துச் சீசா. அந்த வீட்டில் பாத்திரம் கழுவிய கிழவி எடுத்து வைத்தது. விஷம் வைத்தது எசமானியின் மகன்.

தியேட்டரே எழுந்து நின்று கை தட்டியது. அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா பஸ்ஸில் ஏறியதும், பஸ் முழுக்கக் கேட்கும்படி, "கடைசி வரைக்கும் வச்சிருந்தா பாரு!" என்றார்.

அடுத்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நான் அந்தக் கதையைச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். மூட்டைக்குள் என்ன என்று இரண்டு நாள் சொல்லவேயில்லை. கொய்யாப்பழம் தந்தீர்கள், பாதி ரப்பர் தந்தீர்கள், ஒருத்தி கெஞ்சி அழுதாள். பத்து வயதில் எனக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, அதற்குப் பின்பும் கிடைத்ததில்லை. சொல்லாமல் வைத்திருந்தால் பலம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதே மாதம் பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரியாது, அதனால் ஒரு வரியில் சொல்கிறேன். நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு, தோட்டத்துச் சனங்கள் எந்த நாட்டுச் சனங்கள் என்ற கேள்வி வந்துவிட்டது. இங்கேயே இடைவிடாமல் இருந்தோம் என்று எழுத்தில் காட்டினால் பிரஜை, காட்டாவிட்டால் இல்லை. எங்களிடம் எல்லா வருடத்துக்கும் ஏதோ ஒரு துண்டுக் காகிதம் இருந்தது, ஒரு வருடத்தைத் தவிர. அந்த வருடம் அப்பாவும் அம்மாவும் டயகமப் பக்கம் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தார்கள். அந்தத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வருடம் நீங்கள் இந்தியாவில் இருக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால், ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அது அம்மாவின் டொஃபி டப்பாவில் இருந்தது. மூடியில் குதிரை வண்டிப் படம் போட்ட வட்ட டப்பா. குதிரைகள் பாதி உரிந்து போயிருந்தன. திறந்தால் வசம்பு வாசனை அடிக்கும். உள்ளே ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் கோத்த ஒரு வெள்ளி மணி, நான்காக மடித்த ஒரு காகிதத் துண்டு. அந்தத் தோட்டத்து மருந்துக்காரர் நீல மையில் எழுதிக் கொடுத்தது. ஆண் பிள்ளை, பதினொரு மாதம், காய்ச்சல், அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி. நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன என் அண்ணன். அவன் இருந்தான் என்பதற்கு உலகத்தில் அந்தத் துண்டைத் தவிர வேறு எழுத்து கிடையாது.

அதை எடுத்துக்கொண்டு போக அம்மா சம்மதிப்பதற்கே இரண்டு நாள் ஆனது. சம்மதித்த பிறகு, "கேட்டதும் குடுத்துருவோங்க. அந்த வேலை முடிஞ்சிரும்" என்றார்.

"என்னா புள்ள பேசுற?" என்றார் அப்பா. "ஒரு தடவ கேட்டதும் நீட்டிட்டா நம்மள பத்தி என்னா நெனப்பாங்க?"

இது உங்களுக்குப் புரியும். துரை மாளிகையில் நத்தார்ப் பண்டிகைக்கு இனிப்புக் கொடுக்க வரிசையில் நிற்கும்போது, முதல் தடவை நீட்டினால் வாங்கக்கூடாது என்று நம் எல்லாருக்கும் வீட்டில் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஓர் அடி பின்னால் போய்த் தலையைக் குனிய வேண்டும். துரைசானி மறுபடியும், "எடு, எடு" என்று சொன்ன பிறகு இரண்டு கையாலும் வாங்க வேண்டும். முதல் தடவையே கையை நீட்டிய பிள்ளைக்கு லயத்தில் முதுகு பழுத்துவிடும். மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையா கேட்டாலும் அப்படித்தான், பெரிய கிளாக்கர் கேட்டாலும் அப்படித்தான். பெரியவர்கள் இரண்டாம் முறை கேட்பார்கள் என்று நம்பித்தான் நம் சனங்களின் மரியாதையெல்லாம் நின்றது.

சித்தப்பா அதற்கு மேல் ஒரு படி போனார். "அண்ணே சொல்றதுதான் சரி அண்ணி. படத்துல பாத்தீங்கல்ல? அந்தக் கெழவி மொதல்லயே மூட்டைய அவுத்திருந்தா யாரு மதிச்சிருப்பா? அவரு பேனாவ எடுக்கட்டும். அப்ப நீங்க எந்திரிக்கணும்."

எங்கள் காம்பராவில் ஒத்திகை நடந்தது. மத்தியானம் மழை விட்ட நேரம். சித்தப்பா கவிழ்த்து வைத்த தேயிலைப் பெட்டியில் விசாரணை ஐயாவாக உட்கார்ந்தார். அப்பா வாசற்படிக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார். அம்மா மடியில் டப்பாவோடு பலகையில். எல்லாரையும் எங்கே நிற்க வைப்பது, எப்போது குனிவது, எப்போது நிமிர்வது என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். கதை சொல்லிப் பெயர் வாங்கியவள் அல்லவா? "அம்மா, நீங்க மொத தடவ எந்திரிச்சுட்டீங்க. இல்ல, மூணாவது தடவதான். திரும்பச் செய்ங்க" என்று அதட்டினேன். மூன்றாம் தடவை அம்மா எழுந்து டப்பாவைத் திறந்தபோது, வாசலில் நின்று பார்த்த பக்கத்துக் காம்பராப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அன்றைக்கு எங்கள் காம்பராவில் எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தே விட்டது.

விசாரணை நுவரெலியாவில் ஓர் அரசாங்கக் கந்தோரில். அப்பா யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுப் போட்டிருந்தார், கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. வெளியே விறாந்தையில் எங்களைப் போல ஐம்பது அறுபது பேர், எல்லார் மடியிலும் ஏதோ ஒரு பொட்டலம். காலையில் போய் உட்கார்ந்தோம், பகல் திரும்பிய பிறகு எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே போனதுமே எனக்கு ஏமாற்றம். கதவைச் சாத்தவில்லை. ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். விசிறி இல்லை, குளிருக்கு எதற்கு விசிறி? கடிகாரம் ஏதோ ஒரு நேரத்தில் நின்று போயிருந்தது. விசாரணை ஐயாவுக்குச் சளி. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே காகிதங்களைத் திருப்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அவர் முன்னால் வந்து நின்ற எத்தனையாவது குடும்பம் நாங்களோ! பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர், யாழ்ப்பாணத்து ஆள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நின்றார்.

பெயர், வயது, எங்கே பிறந்தது, எந்தத் தோட்டம். அப்பா நன்றாகத்தான் பதில் சொன்னார், கொஞ்சம் சத்தமாக. பிறகு அந்த வருடம் வந்தது.

"இந்த வருசம் நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" என்றார் மொழிபெயர்க்கிறவர்.

"இங்கதாங்க ஐயா. டயகமப் பக்கம்."

ஐயா தாளைத் திருப்பி ஏதோ சொன்னார்.

"அதுக்கு அத்தாட்சி ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

அப்பா தலையைக் குனிந்தார். ஒத்திகையில் செய்தபடியே ஓர் அடி பின்னால் போனார். அவர் கண் ஐயாவின் பேனாமேல் இருந்தது. படத்தில் கேட்ட அந்தச் சத்தமில்லாத சத்தம் அந்த அறைக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவின் பெருவிரல் டப்பாவின் மூடிக்குப் போனது. மூடி கொஞ்சம் எழும்பியும் விட்டது, வசம்பு வாசனை எனக்கு அடித்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். "இன்னும் இல்லம்மா" என்றேன், அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி.

ஐயா ஏதோ எழுதினார். மணியைத் தட்டினார். வாசலில் நின்ற பியூன் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அப்பா அப்படியே நின்றுகொண்டிருந்தார். அடுத்த குடும்பம் உள்ளே வந்து எங்களை இடித்துக்கொண்டு நின்றது. அப்போதும் அவர் குனிந்த தலையோடு இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தார். பியூன் வந்து தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனார்.

விறாந்தையில் அம்மா டப்பாவைத் திறந்து, துண்டை எடுத்து, அந்தப் பியூனிடம் நீட்டினார். வேறு யாரிடம் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நடுத்தர வயதுச் சிங்கள ஆள், தமிழ் நன்றாகப் பேசுவார். வாங்கித் தேதியைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ஐயோ அம்மே, இதத்தானே கேட்டது? ஏன் உள்ள குடுக்க இல்ல?"

"இன்னொரு தடவ கேப்பாருன்னு இருந்தோங்க" என்றார் அம்மா.

அவர் அந்தத் துண்டை மடித்து அம்மாவின் கையில் வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்தவர்களின் விசாரணை தொடங்கிவிட்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். "மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு முடியவில்லை. மறுப்புக் கடிதம் வந்தது. அத்தாட்சி போதாது என்று எழுதியிருந்ததாகப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் படித்துச் சொன்னார். கடைத்தெருவில் பெட்டிசம் டைப் அடிக்கிற ஒருவரிடம் போனோம். அவர், "அசல் வைக்கணும், நகலெல்லாம் செல்லாது" என்றார். அம்மா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "வந்துரும் புள்ள, குடு" என்றார் அப்பா. இந்த முறை அப்பா முதல் தடவை கேட்டதுமே கொடுத்தார் அம்மா. பெட்டிசத்துக்கும் அதே பதில்தான் வந்தது. துண்டு வரவில்லை. எங்கே போயிற்று என்று கேட்கப் போனபோது டைப் அடிக்கிறவரின் கடை பூட்டியிருந்தது, கண்டிப் பக்கம் போய்விட்டாராம். பெட்டிசத்தோடு அதை வைத்தாரா இல்லையா என்பதே கடைசிவரை தெரியவில்லை.

சித்தப்பா அதன்பிறகு எங்களோடு படத்துக்கு வந்ததில்லை. அப்பா மட்டும் மூன்று நான்கு வருடம், தபால் வரும்போதெல்லாம், "இன்னொரு தடவ கூப்புடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்திய அரசாங்கமும் இங்குள்ள அரசாங்கமும் பேசி நம்மைப் பங்கு போட்டுக்கொண்ட சமயத்திலும் அதையேதான் சொன்னார். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமலே இந்த மலையில் மண்ணானார்.

நான் கையைப் பிடித்ததை அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ அம்மா சொல்லவேயில்லை. தப்பெல்லாம் தங்களுடையது என்று நினைத்தே அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு நாள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டேன். எதிரில் பேசியிருந்தால் என் வாயிலிருந்து வந்திருக்காது.

"அம்மா, அன்னைக்கு நான் ஒங்க கையப் புடிச்சேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார். "கை சில்லுனு இருந்துச்சு. பயந்து போயிருக்கு புள்ளைன்னு நெனச்சேன். அதான் எந்திரிக்கல" என்றார்.

அவ்வளவு நாளும் அம்மா என் சொல்லைக் கேட்டு உட்கார்ந்திருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அழுத அளவுக்கு நான் அம்மா செத்ததற்கும் அழவில்லை.

டப்பா துருப்பிடித்துப் போனது. கயிறும் மணியும் எந்த லயத்தை விட்டு எந்த லயத்துக்கு மாறும்போது தொலைந்தன என்று தெரியவில்லை. இனி மிச்சம் இருக்கிற சாட்சி நான் ஒருத்திதான், அவனை நான் பார்த்ததுகூட இல்லை. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று காத்திருக்கவும் நான் தயாராக இல்லை. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். பதினொரு மாதம் இருந்தான். இடுப்பில் வெள்ளி மணி கட்டியிருந்தான். டயகமப் பக்கத்து மலையில்தான் கிடக்கிறான்.